நம்ப விரும்பியவர்கள்: கலை ஏலத் திரைப்படங்களும் ஸ்ரீபுரந்தான் உமையும்

கலை ஏல உலகை வைத்து 2013ஆம் ஆண்டில் அடுத்தடுத்து இரண்டு உளவியல் த்ரில்லர் படங்கள் வந்தன. டேனி பாயில் இயக்கிய ‘டிரான்ஸ்’ லண்டன் ஏலக்கூடம் ஒன்றில் தொடங்குகிறது. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே கோயாவின் ஓவியம் கொள்ளை போகிறது. கொள்ளைக்கு உடந்தையாக இருந்த ஏலக்கூட ஊழியனுக்குத் தலையில் அடிபட்டு, ஓவியத்தை எங்கே வைத்தோம் என்பதே மறந்துவிடுகிறது. அவன் நினைவுக்குள் புகுந்து தேட மனவசிய நிபுணர் ஒருவரிடம் போகிறார்கள். ஜுசெப்பே டோர்னடோரேயின் ‘தி பெஸ்ட் ஆஃபர்’ வேறு வகை. அதில் ஜெஃப்ரி ரஷ் ஏலம் நடத்தும் முதியவர். பெண்களிடம் பேசவே தயங்குபவர். ஆனால் பெண்களின் உருவப்படங்களை நண்பர் ஒருவரை வைத்துக் குறைந்த விலைக்கு எடுத்து, வீட்டின் ரகசிய அறை முழுக்க மாட்டி வைத்திருக்கிறார். அசலையும் போலியையும் ஒரே பார்வையில் பிரிக்கத் தெரிந்த அந்தக் கண்ணுக்குத் தன்னை நேசிப்பதாகச் சொன்னவளின் பொய் தெரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் ஆரன் ஃப்ரீட்மன் என்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மேடிசன் அவென்யூவில் சுபாஷ் கபூர் நடத்திவந்த ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ கலைக்கூடத்தின் மேலாளர் அவர். வழக்கு ஆவணங்களில் வரிசையாகக் குறிக்கப்பட்ட திருட்டுப் பொருள்களில் ஒன்று 11ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி, உமா பரமேஸ்வரி. 2007 பிப்ரவரியில் அதை 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகம். தேக்காவில் பூ வாங்கிக்கொண்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிற நாம் எம்ப்ரஸ் பிளேஸில் இருக்கும் அந்த அரும்பொருளகத்தில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்த அந்த அம்மன், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் இருந்து களவுபோனவள்.

அந்தப் படங்களையும் இந்த வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்குகிறது. கலை ஏலப் படங்கள் மனக்கோளாறை எப்போதும் ஒரே ஆளின் தலைக்குள் தேடுகின்றன. மறதி அவனுடையது, தனிமை அவனுடையது, வெறியும் அவனுடையது. உண்மையில் நடந்தவற்றைப் பார்த்தால் கோளாறு ஒரு தலைக்குள் இல்லை. படித்த, நல்ல எண்ணமுள்ள, மாதச் சம்பளம் வாங்குகிற பலர் சேர்ந்து ஒரு பொய்யை நம்ப விரும்பியதுதான் அது. அந்தக் கதையை இதுவரை யாரும் முழுநீளப் படமாக எடுத்ததாகத் தெரியவில்லை. எடுக்க வேண்டிய ஊர் சிங்கப்பூர் என்பது என் துணிபு.

முதலில் ஏலக்கூடம் ஏன் இந்த வகைப் படங்களுக்கு இவ்வளவு பொருந்திவருகிறது என்பதைப் பார்க்கலாம். அங்கே விற்பவர் பெயர் பெரும்பாலும் வெளியே வராது. ‘ஒரு ஐரோப்பியச் சேகரிப்பாளரின் உடைமை’ என்று பட்டியலில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். வாங்குபவர் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார். அவருக்காகக் கை தூக்குபவர் ஏல நிறுவனத்தின் ஊழியர். ஒவ்வொரு பொருளுக்கும் ரகசியமாகக் குறைந்தபட்ச விலை ஒன்று வைத்திருப்பார்கள். அதை எட்டும்வரை ஏலம் கூறுபவர், கூடத்தில் யாருமே கேட்காவிட்டாலும், விற்பவர் சார்பில் தொகையை ஏற்றிக்கொண்டே போகலாம்; நிபந்தனைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அதற்கு இடம் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் உண்மையான போட்டியாளர் ஒருவரோடு மோதுகிறாரா, வெறும் காற்றோடு மோதுகிறாரா என்பது அவருக்குத் தெரியாது. திரைக்கதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘வெல்வெட் பஸ்ஸா’ இதே உலகத்தை எடுத்துக்கொண்டு ஓவியங்களே ஆளைக் கொல்வதாகக் காட்டியது. பேயைக் கொண்டுவந்தவுடன் மனிதர்கள் தப்பித்துவிடுகிறார்கள். அந்தப் படத்தில் எனக்கு நிறைவில்லை.

சிங்கப்பூருக்கு இந்த உலகம் புதிதல்ல. சோத்பிஸ் நிறுவனம் இங்கே நடத்திவந்த ஏலங்களை 2007இல் நிறுத்திக்கொண்டு ஹாங்காங் போனது. 15 ஆண்டுக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் மறுபடி இங்கே ஏலம் நடத்தியது. அதைவிட முக்கியம், 2010இல் சாங்கி விமான நிலையத்தை ஒட்டித் திறக்கப்பட்ட ஃப்ரீபோர்ட் கிடங்கு. உள்ளே கிடக்கும் ஓவியத்துக்கும் தங்கத்துக்கும், வெளியே வராதவரை, சுங்க வரி இல்லை. அதை உருவாக்கிய சுவிஸ் நாட்டுக்காரர் ஈவ் பூவியே சிங்கப்பூரிலேயே குடியிருந்தார். அவர் ரஷ்யக் கோடீஸ்வரர் திமித்ரி ரிபோலோவ்லெவுக்காக ஓவியங்கள் வாங்கித் தந்தார். 2013இல் டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் ‘சால்வடோர் முண்டி’யைச் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கி, 12 கோடியே 75 லட்சத்துக்கு அவரிடம் கொடுத்தார். பூவியே வெறும் தரகர் என்று வாங்கியவர் நம்பிக்கொண்டிருந்தார். தான் சொந்தமாக வாங்கி விற்ற வணிகன் என்றார் பூவியே. ஒரு புத்தாண்டு விருந்தில், தான் வாங்கிய மொதில்யானி ஓவியத்தை அதன் முந்தைய உரிமையாளர் என்ன விலைக்கு விற்றார் என்பது காதில் விழுந்தபோதுதான் ரிபோலோவ்லெவுக்கு உறைத்தது. 2015 மார்ச்சில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் பூவியேயின் சொத்துகளை முடக்கியது. சில மாதங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடக்கத்தை நீக்கியது. 2017இல் வழக்கை விசாரிக்கச் சுவிட்சர்லாந்தே பொருத்தமான இடம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் ‘சால்வடோர் முண்டி’ கிறிஸ்டிஸ் ஏலத்தில் 45 கோடி டாலருக்குப் போனது. பூவியே எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படவில்லை; பின்னாளில் இருவரும் சமரசமாகிவிட்டார்கள்.

பணக்காரர் ஒருவர் இன்னொரு பணக்காரரிடம் அதிக விலை கொடுத்த கதை இது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அதில் யாருடைய கோயிலும் காலியாகவில்லை.

நம் பக்கத்துக் கதையைச் சிவபுரத்தில் தொடங்க வேண்டும். கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் வயலில் கிடைத்த செப்புத் திருமேனிகளில் நடராசர் ஒன்று. சில ஆண்டுகளில் பழுதுபார்க்க அவர் ஸ்தபதியிடம் போனார். திரும்பி வந்தது நகல். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா சேர்ந்தது. ஊர் மக்கள் நகலுக்குப் பாலும் தயிரும் அபிஷேகம் செய்து, மார்கழித் திருவாதிரைக்கு அலங்காரம் செய்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்றம் நடந்துவிட்டது என்பதை வெளியுலகுக்குச் சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட், 1965இல் தன் நூலில். 1973இல் கலிபோர்னியத் தொழிலதிபர் நார்ட்டன் சைமன் அந்த நடராசரை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். கடத்தி வந்ததுதான் என்று அவரே நியூயார்க் பத்திரிகையிடம் ஒளிக்காமல் சொன்னார், பிற்பாடு மறுத்தார். வழக்கு, பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து 1986இல்தான் சிலை இந்தியா திரும்பியது.

1973இல் பெரிய சேகரிப்பாளர் ஒருவருக்குத் தன் மனத்தை ஏமாற்றிக்கொள்ளும் தேவையே இருக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்திருந்தது. இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. அவை ஊன்றி, அரும்பொருளகங்களுக்கென்று நெறிமுறைகள் எழுதப்பட்டு, பத்தூர் நடராசர் போன்ற வழக்குகளில் சிலையை வைத்திருந்தவர்கள் தோற்ற பிறகுதான் வாங்குபவர்களுக்குக் கூச்சம் வந்தது. பத்தூர் வழக்கு தமிழர்கள் மறக்கக் கூடாத ஒன்று. 1976இல் மண்ணுக்கடியில் கிடைத்து லண்டன் போய்ச் சேர்ந்த அந்தச் சிலைக்காக இங்கிலாந்து நீதிமன்றத்தில் கோயிலே ஒரு தரப்பாக நின்றது. அதை ஏற்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிலையைத் திருப்பித் தரச் சொன்னது. அதற்குப் பிறகு சந்தையில் சிலையோடு ஒரு காகிதமும் வேண்டியிருந்தது. இது எப்போது, எப்படி, யார் கையால் இந்தியாவை விட்டு வெளியேறியது என்று சொல்லும் காகிதம். வெட்கம் பிறந்த இடத்தில் கடிதம் பிறந்தது. உளவியல் த்ரில்லர் உண்மையில் தொடங்குவதும் அங்கேதான்.

ஸ்ரீபுரந்தான் கோயிலில் வழிபாடு நின்று பல காலம் ஆகியிருந்தது. 2006இல் திருடர்கள் உள்ளே புகுந்து தவணை முறையில் சிலைகளை எடுத்துப்போனார்கள். புதிதாக வார்த்த கைவினைப் பொருள்கள் என்று சொல்லி அவை கப்பல் ஏறின. 2008இல் பாதுகாப்பு மையத்துக்குச் சிலைகளை மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. அதற்குள் நடராசர் கான்பெராவில் இருந்தார். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. பிள்ளையார் ஒருவர் ஓஹாயோவின் டொலீடோ அரும்பொருளகத்தில். உமை நம் ஊரில். ஒரே கோயிலில் ஒன்றாகப் பூசை கொண்டவர்கள் மூன்று கண்டங்களில் மூன்று கண்ணாடிப் பெட்டிகளில் நின்றார்கள். கூரையே இல்லாத கிராமக் கோயில் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். பூட்டிய கதவு ஒன்று இருந்தது, திறந்து பார்க்க ஆள் இல்லாமல் போனதுதான் குற்றம்.

நடராசரை விற்கும்போது கான்பெராவுக்குக் கபூர் கொடுத்த கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1968 முதல் 1971 வரை டெல்லியில் பணியாற்றியபோது சிலையை வாங்கி நாட்டுக்கு வெளியே கொண்டுபோனார், இப்போது அவர் மனைவி விற்கிறார் என்கிறது அந்தக் கடிதம். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். ஆண்டு, சட்டம் வருவதற்கு முந்தியது. ஆள், எளிதில் தேடிப்பிடிக்க முடியாத நாட்டுக்காரர். பதவி, பெட்டியைச் சுங்கத்தில் பிரித்துப் பார்க்க முடியாத பதவி. ‘தி பெஸ்ட் ஆஃபர்’ படத்தில் முதியவரை வீழ்த்தக் கட்டிய மாளிகையும் இயந்திரப் பொம்மையும் இந்த ஒரு தாளுக்கு முன்னால் மிகையாகத்தான் தோன்றுகின்றன. வாங்குவதற்கு முன்பே கலைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சான்றுகள் போதாது, ஆபத்து உண்டு என்று கலைக்கூடத்துக்கு எழுத்தில் எச்சரித்திருந்தார். வாங்கினார்கள்.

ஏன்? பணத்தாசை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. காப்பாட்சியர்கள் யாரும் தமக்காக வாங்கவில்லை. ஒரு தேசத்தின் அரும்பொருளகத்துக்கு அதன் கூடத்தையே மாற்றிவிடும் ஒரு சோழர் படிமம் கிடைக்கப்போகிறது. அதைப் பார்த்துக் குழந்தைகள் வளருவார்கள். நாம் வாங்காவிட்டால் யாரோ ஒரு தனிமனிதர் வாங்கித் தன் வரவேற்பறையில் பூட்டிவைப்பார். இத்தனையும் நியாயமாகவே ஒலிக்கின்றன. சந்தேகம் எழும்போது அதைத் தீர்க்கக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக இன்னொரு காகிதம் கேட்டார்கள். விற்பவரும் இன்னொரு காகிதம் கொடுத்தார். களவுப் பொருள் பட்டியலில் தேடி, இல்லை என்று சான்றிதழ் வாங்கினார்கள். யாரும் புகாரே கொடுக்காத ஒரு கோயில் அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்?

கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் பதில் புதுச்சேரியில் இருந்தது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களில் இருந்தே தமிழ்நாட்டுக் கோயில்களைப் படமெடுத்து வைத்திருக்கிறது; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஸ்ரீபுரந்தான் திருமேனிகளை 1994இல் அவர்கள் கோயிலுக்குள்ளேயே படம் எடுத்திருந்தார்கள். 1971க்குள் நாட்டைவிட்டு வெளியேறிய சிலை 1994இல் ஊர்க் கோயிலில் எப்படி நிற்கும்? புதுச்சேரியில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் கடிதம் அன்றே உதிர்ந்திருக்கும்.

அந்தப் பெட்டிகளைத் திறக்கவைத்தவர்களில் முக்கியமான இருவர் சிங்கப்பூர்வாசிகள் என்பது இந்த ஊர்த் தமிழர்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே கோயிற்சிற்பங்கள் பற்றி வலைப்பதிவு எழுதிவந்தவர் எஸ். விஜயகுமார். அவரும் அனுராக் சக்சேனாவும் இன்னும் சிலரும் சேர்ந்து ‘இந்தியா பிரைட் புராஜெக்ட்’ என்ற தன்னார்வக் குழுவை நடத்தினார்கள். காவல்துறைக்கும் அமெரிக்கப் புலனாய்வாளர்களுக்கும் அவர்கள் கொடுத்தது ஒப்பீடு: ஏலப் பட்டியலில் வந்த படம் ஒரு பக்கம், பழைய கறுப்பு வெள்ளைப் படம் மறுபக்கம். விஜயகுமார் 2018இல் எழுதிய ‘தி ஐடல் தீஃப்’ நூலில் இந்தத் தேடல் விரிவாக இருக்கிறது.

அந்த ஒப்பீடு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சினிமாவுக்கான காட்சி தானாகவே கண்முன் வரும். சோழர் செப்புத் திருமேனி மெழுகில் செய்து, மேலே களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்து எடுக்கப்படுவது. அச்சு ஒருமுறைதான். ஆகவே ஒன்றைப்போல் இன்னொன்று இருக்க வழியில்லை. திருவாசியில் எத்தனை சுடர்கள், அதில் எது முனை முறிந்தது. பீடத்தில் உற்சவத்துக்குக் கழி செருகும் வளையம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது. வார்ப்பின்போது விழுந்த குழி தொடையிலா முழங்காலிலா. பூணூலின் மடிப்பு எங்கே திரும்புகிறது. நூற்றாண்டுக்கணக்கான அபிஷேகத்தில் மூக்கும் மார்பும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். விற்பனைக்குத் தயார் செய்தவர் மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கலாம். வார்ப்புக் குறையை அழிக்க அவராலும் முடியாது. மனிதரின் மச்சம்போல அது கூடவே இருக்கும். லண்டனில் 2020 செப்டம்பரில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்ட ஆனந்தமங்கலத்து இராமர், இலக்குவன், சீதை திருமேனிகளும் இப்படித்தான் அடையாளம் காணப்பட்டன. 1978இல் களவுபோனவை அவை. 1958இல் எடுத்த படங்கள் சாட்சி சொன்னன.

ஏல நிறுவனங்களும் இந்த ஒளிக்கு வெளியே இல்லை. 1997இல் பத்திரிகையாளர் பீட்டர் வாட்சன் எழுதிய நூல், இந்தியச் சிற்பங்கள் எந்த வழியாக சோத்பிஸ் பட்டியல்வரை வந்தன என்று காட்டியது. 2016 மார்ச்சில் நியூயார்க்கில் ஆசியக் கலை வாரம் தொடங்கும் நேரம் கிறிஸ்டிஸ் ஏலத்தில் இருந்த இரண்டு இந்தியச் சிற்பங்களை அதிகாரிகள் கைப்பற்றினார்கள்.

கபூர் 2011 அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் கைதாகி, 2012இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றத்தில் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் வழக்கில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நடராசர் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரின் கையால் திரும்பினார். நம் ஊர் உமையைத் திருப்பித் தருவதாக அறிவிப்பு வர 2015 ஆயிற்று. ஃப்ரீட்மன் வாக்குமூலத்துக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். திருப்பித் தந்தது நல்ல செயல், மறுப்பே இல்லை. ஆனால் ஒரு கதாசிரியராக நான் அந்த இரண்டு ஆண்டுகளைத்தான் கேட்பேன். ஆவணம் வெளிவந்த பிறகும் ஓர் அரும்பொருளகத்துக்குள் தினமும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? பழைய கோப்பை எடுத்து, தான் ஒப்பமிட்ட பக்கத்தைத் திரும்பப் படிக்கும் ஒருவருக்கு எப்படி இருக்கும்?

தமிழ் சினிமா இந்த வாசலுக்குள் இன்னும் வரவில்லை. சிலைக் கடத்தல் நம் படங்களில் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் அது துரத்தலுக்கு ஒரு பொட்டலம். வைரமோ போதைப்பொருளோ அங்கே இருந்தாலும் கதை மாறாது. நித்திலன் சாமிநாதனின் ‘குரங்கு பொம்மை’ (2017) இதில் மாறுபட்டது. சிலையைப் பையில் சுமந்துவரும் வெகுளியான முதியவராகப் பாரதிராஜா நடித்திருக்கிறார். விசுவாசம் ஒரு மனிதனை எதுவரை கொண்டுபோகும் என்பதை அந்தப் படம் நெஞ்சு பதற வைக்கும்படி காட்டுகிறது. ஆயினும் அதுவும் சிலை ஊரைவிட்டுக் கிளம்பும் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. வாங்குபவர் நம் படங்களில் ஒரு வெள்ளைக்காரர், ஒரு பெட்டி நிறையப் பணம், ஒரு கெட்ட சிரிப்பு. உண்மையில் வாங்கியவர்கள் சிரிக்கவில்லை. கவலையோடு, கூட்டம் போட்டு, கையெழுத்திட்டு வாங்கினார்கள். அவர்களைக் கேலிச்சித்திரமாக்கிக்கொண்டிருக்கும்வரை குற்றம் நமக்குப் புரியப் போவதில்லை.

அப்படி ஒரு படம் எடுத்தால் அதன் நடுவில் நிற்க வேண்டியவர் திருடனும் அல்ல, காவலரும் அல்ல. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், அரும்பொருளகத்தின் தெற்காசியப் பிரிவில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். சோழர் சிற்பங்களைப் படித்தே அந்த வேலைக்கு வந்தவர். தன் பாட்டி கும்பிட்ட தெய்வத்தை இந்த நகரத்தின் நடுவில், எல்லா இனத்தவரும் வந்து பார்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய உண்மையான ஆசை. கடிதம் அவர் மேசைக்கு வருகிறது. தேதிகள் அவ்வளவு சரியாகப் பொருந்துவது ஒரு நொடி உறுத்துகிறது, அவர் ஒப்பமிடுகிறார். ஆறு ஆண்டு கழித்து ஒருவர் அவருக்குப் பழைய புகைப்படம் ஒன்றை அனுப்புகிறார். அதன்பின் அவர் தன் நினைவையே திருத்தி எழுதத் தொடங்குவதும், ‘அன்றே சந்தேகப்பட்டேன்’, ‘இல்லை, சந்தேகமே வரவில்லை’ என்று இரண்டையும் ஒரே நாளில் நம்புவதும் ‘டிரான்ஸ்’ காட்டிய மறதியைவிடக் கடுமையான மறதி. இதற்கு மனவசிய நிபுணர் தேவையில்லை.

களத்தை வெளியே தேட வேண்டாம். எம்ப்ரஸ் பிளேஸில் ஆற்றைப் பார்த்து நிற்கும் பழைய அரசாங்கக் கட்டடம், சாங்கியில் சன்னல் இல்லாத கிடங்கு, கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், சிராங்கூன் சாலைக் கடைகளில் வரிசையாக அடுக்கிய பித்தளை நடராசர்கள் எல்லாம் ஒரு நாள் படப்பிடிப்புத் தூரத்தில் இருக்கின்றன. ஆள்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழனின் மனப்புழுக்கத்தை ‘எ யெல்லோ பேர்ட்’ படத்தில் கே. ராஜகோபால் எடுத்துக்காட்டி, 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரம்வரை கொண்டுபோனார். அவரோ அவருக்குப் பின்னால் வரும் இளையவர் ஒருவரோ ஃப்ரீட்மன் வழக்கின் ஆவணங்களையும், உமையைத் திருப்பித் தந்தபோது வந்த அறிவிப்பையும், புதுச்சேரிப் படங்களையும் மேசையில் பரப்பி உட்கார வேண்டும். வாங்கியவர்கள், விற்றவர்கள், கண்டுபிடித்தவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் பேசிவிட வேண்டும்.